ஒன்றாம் நம்பர் அதிர்கிறது

அக்டோபர் 3, வியாழன்

ஐஸ் கம்பெனி மிஷின்களுக்கு இன்று டேக் ஒட்டினார்கள். தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு டப்பா, வயரே கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் மிஷின் மேல் ஒட்டிவிட்டால் போதும். மிஷின் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு அதிர்கிறது என்று அரை மணிக்கு ஒரு தரம், ஆபீஸில் மாட்டிய பெட்டி வழியாக என் போனுக்குச் சொல்லிவிடும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஓடு. மொத்தம் நாலு டேக். அம்மோனியா கம்ப்ரசர் இரண்டுக்கும் ஒவ்வொன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு ஒன்று.

முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "நயினாரே, இனி நீரு தினம் துறைமுகத்துக்கு ஓட வேண்டாம். குளிர்பதன கிட்டங்கில இருந்தே போன்ல பாத்துக்கிடும்" என்றார். இருபத்தாறு வருஷம் ஸ்கூட்டரில் அலைந்த உடம்புக்குக் கேட்கவே இனித்தது. டேக் கம்பெனிக்காரப் பையன் மார்க்கர் பேனாவால் டேக் மேல் 1, 2, 3, 4 என்று எழுதிக் கொடுத்தான். எந்த டேக் எந்த மிஷினுக்கு என்ற லிஸ்ட்டையும் மிச்ச டேப் சுருளையும் என்னிடமே விட்டுப் போனான்.

அக்டோபர் 7, திங்கள்

நாலும் பச்சை. மீன் குடோனில், அதான் கிட்டங்கில், உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பார்த்தேன். வீட்டில் என் மனைவி பிரமுவிடம் காட்டினால், "அதுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இருந்தா வீடு எப்படியோ இருக்கும்" என்கிறாள்.

அக்கா மகன் வேல்ராஜ் துபாயிலிருந்து வந்து நாலு மாதமாகச் சும்மா இருக்கிறான். தையில் எங்கள் மகள் கோமதியை அவனுக்குக் கட்டுவதாகப் பேச்சு. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பவர்களுக்கெல்லாம் பிரமு ஒவ்வொரு பதில் சொல்கிறாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையில் மிஷின் எல்லாவற்றையும் நிறுத்தி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். பகல் ஷிப்ட் ஆப்பரேட்டர் சந்தியாகு மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனால் மிஷினுக்குச் சந்தனம் வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. டேக்கும் ஆயுதம்தானே என்று நாலையும் பிய்த்தெடுத்துத் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்துப் பொட்டு வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது.

பூஜை முடிய மணி பதினொன்று. மதியம் அக்கா வீட்டில் விருந்து, கல்யாணப் பத்திரிகை விஷயமும் பேச வேண்டும். டேக் நாலையும் நானே திருப்பி ஒட்டினேன். மண்ணெண்ணெயில் மார்க்கர் நம்பர் அழிந்திருந்தது. சந்தியாகு பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், பொறத்தால பொடி எழுத்து இருக்கு. லிஸ்ட்டப் பாத்து ஒட்டிருவமா?" என்றான். என் கண்ணாடி ஸ்கூட்டர் டப்பாவில் இருந்தது. பெரிய கலெக்டர், எனக்கு லிஸ்ட் சொல்கிறான். போய் விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டு வேலையை முடித்தேன். அக்கா வீட்டில் வடை பிரமாதம்.

அக்டோபர் 15, செவ்வாய்

கம்ப்ரசர் 1 மஞ்சள். அதிர்ச்சியாக இருக்கிறது. போன வருஷம்தான் அதைப் பிரித்துப் பூட்டினோம்.

அக்டோபர் 16, புதன்

இன்னொரு அதிசயம். ஐஸ் உறைய இரவில் இரண்டு கம்ப்ரசரும் ஓடும், பகலில் ஒன்று போதும். பகலில் ஒன்றாம் நம்பருக்கு ஓய்வு, இரண்டாம் நம்பரை மட்டும் ஓட்ட வேண்டும் என்பது என் உத்தரவு. மிஷின் ஓடிய கணக்கு வைக்கும் லாக் புத்தகத்திலும் சந்தியாகு அப்படித்தான் எழுதுகிறான். ஆனால் போனில் பார்த்தால் பகல் முழுக்க ஓடுவது ஒன்று, தூங்குவது இரண்டு. எனக்குத் திக்கென்றது. பத்து வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவன் கை கூசாமல் பொய் எழுதுகிறான்.

அக்டோபர் 18, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். போய்ச் சேர இருபது நிமிஷம். உள்ளே இரண்டாம் நம்பர்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் போன் போட்டுச் சொல்லியிருப்பான், இவன் மாற்றியிருப்பான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. அங்கேயே போனைப் பார்த்து அவன் முகத்தில் காட்டலாம் என்றால், தெர்மக்கோல் வைத்துக் கட்டிய அந்த அறைக்குள் போன் சிக்னலே வராது.

கேட்டேன். "நான் ரெண்டத்தான் ஓட்டுதேன் சார். நம்பலன்னா தொட்டுப் பாருங்க. ஒண்ணு சில்லுன்னு கெடக்கு. ரெண்டுலதான் கை வைக்க முடியல, அத முதல்ல என்னன்னு பாருங்க" என்றான்.

தொட்டுப் பார்ப்பதற்கு டேக் எதற்கு? நான் தொடவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஒன்றாம் நம்பர் மஞ்சள் முற்றுகிறது. ஓய்வு கொடுக்கச் சொன்ன மிஷினைப் போட்டு வாட்டினால் முற்றாமல் என்ன செய்யும்? போன் திரையைப் படம் எடுத்து, லாக் புத்தகப் பக்கங்களையும் சேர்த்து அண்ணாச்சியிடம் வைத்தேன். எனக்கு யார் மேலும் விரோதம் இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சந்தியாகுவை நிறுத்திவிட்டார்கள். ஒரு எச்சரிக்கையோடு விடுவார் என்று நினைத்தேன். அண்ணாச்சி, "பொய் எழுதுதவன் அம்மோனியா பக்கத்துல நிக்கக்கூடாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சந்தியாகு சண்டை போடவில்லை. லாக் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்து, "நான் எழுதுனதுல ஒரு எழுத்து பொய்யின்னா என் பிள்ளைங்க தண்ணியில போகட்டும் சார்" என்றான். அவன் மகன்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். கடல்காரன் லேசில் அப்படிச் சத்தியம் செய்ய மாட்டான்.

புதிதாக ஆள் வேண்டும் என்று அண்ணாச்சியே கேட்டார். நானாகச் சொல்லவில்லை. கேட்டதால் சொன்னேன்.

அக்டோபர் 24, வியாழன்

வேல்ராஜ் வேலையில் சேர்ந்தான். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. பிரமு தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அக்கா போனில் சந்தோஷத்தில் அழுதாள்.

மீன்பாடு நன்றாக இருக்கிறது. ஐஸுக்குப் படகுகள் வரிசையில் நிற்கின்றன. பகலிலும் இரண்டு கம்ப்ரசரும் ஓடுகின்றன. சந்தியாகு படகுத்துறையில் ஐஸ் பாளம் இழுக்கிறானாம். பார்த்தவர்கள் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

அக்டோபர் 26, சனி

ஒன்றாம் நம்பர் சிவப்பு. இனித் தாங்காது. திங்கட்கிழமை அதைப் பிரித்து பேரிங் மாற்றிவிட வேண்டும். அதுவரை பகலில் அதை நிறுத்தச் சொன்னால் அண்ணாச்சி, ஐஸ் பத்தாது என்கிறார். திங்கள் முதல் தீபாவளி வரை இரண்டாம் நம்பர் ஒற்றையாக இழுக்கட்டும். அது பச்சைப் பசேல் என்று இருக்கிறது.

அக்டோபர் 28, திங்கள்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் ஒன்றாம் நம்பரை நின்று பிரித்தேன். அதன் மேல் இருந்த டேக்கைப் பிய்த்து மேசை டிராயரில் போட்டேன். பேரிங்கை எடுத்துப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குறையை டேக் கண்டுபிடித்திருக்கும், அதற்குத்தானே அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாகங்களைத் தார்ப்பாய் மேல் பரப்பி வைத்துவிட்டு, வேல்ராஜை இரண்டாம் நம்பரோடு விட்டுவிட்டு, கோமதி கல்யாணத்துக்கு மாதிரிப் பத்திரிகை பார்க்க டவுனுக்குப் போனேன்.

பத்திரிகைக் கடையில் மயில் போட்டதா, பிள்ளையார் போட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அலறியது. கம்ப்ரசர் 1 சிவப்பு, அதிர்வு அபாயம்.

முதலில் சிரிப்பு வந்தது. பிரித்துத் தார்ப்பாயில் போட்ட மிஷின் எப்படி அதிரும்? அதன் டேக் டிராயரில் கிடக்கிறது. டிராயரா அதிர்கிறது? அப்படியே கீழே பார்த்தேன். கம்ப்ரசர் 2, அசைவில்லை. முழு மூச்சில் ஓட வேண்டிய இரண்டாம் நம்பர் அசையவில்லையாம்.

தாம்பாளம் ஞாபகம் வந்தது. சந்தனப் பொட்டோடு நாலு வெள்ளை டப்பா. நம்பர் அழிந்ததைக் குத்துமதிப்பாக ஒட்டியது நான்தான். கடைக்காரர் என்னவோ கேட்கிறார், என் காதில் விழவில்லை. இத்தனை நாளும் ஒன்று என்று நான் பார்த்தது இரண்டு. பச்சை என்று நான் நம்பியது ஒன்று. சாகப்போகிற மிஷினை ஒற்றையாக ஓட்டச் சொல்லி, பக்கத்தில் என் வீட்டு மாப்பிள்ளையையும் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

வேல்ராஜுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அந்த அறைக்குள் சிக்னல் வராது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று தெரியாது. உப்பளத் திருப்பத்திலேயே நெடி மூக்கில் ஏறியது. மூத்திர நாற்றத்தை நூறு மடங்காக்கியது போல. ஜனம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரே ஓடி வந்தது.

இரண்டாம் நம்பர் பேரிங் இறுகி, தண்டு ஒடிந்து, சீல் பிய்ந்து அம்மோனியா பீறிட்டிருக்கிறது. வேல்ராஜ் உள்ளே விழுந்து கிடந்திருக்கிறான். ஈரச் சாக்கைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை அடைத்து அவனை இழுத்து வந்தது யார் என்றால், சந்தியாகு. படகுத்துறையிலிருந்து ஓடி வந்தானாம். நான் போனபோது வேல்ராஜின் முகத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கைத்தோல் உரிந்து தொங்கியது.

என்னைப் பார்த்தான். அடுத்த வாளியைத் தூக்கினான்.

அக்டோபர் 29, செவ்வாய்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. வேல்ராஜ் உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். வலது கண் தேறிவிடும். இடது கண்ணைப் பற்றி டாக்டர் வாய் திறக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா எம்புள்ளைக்கு யாருடா" என்று அழுகிறாள். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

அக்டோபர் 30, புதன்

ஐஸ் கம்பெனிக்குப் போனேன். யாரும் இல்லை. உடைந்து கிடந்த இரண்டாம் நம்பரிலிருந்து டேக்கைப் பிய்த்துத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தை லிஸ்ட்டோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றாம் நம்பருக்கு உரியது. டிராயரில் கிடந்தது இரண்டாம் நம்பருக்கு உரியது. பின்பக்கத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அரை நிமிஷ வேலை. அன்றைக்கு அந்த அரை நிமிஷம் எனக்கு இல்லை.

இரண்டு டேக்கையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டேக் எங்கே என்று அந்தக் கம்பெனிக்காரன் போனில் கேட்டான். தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்ததில் போய்விட்டது என்றேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்க்கவில்லை.

நவம்பர் 2, சனி

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அண்ணாச்சியே பேசினார். பிறகு எழுதிக் கொடுத்ததன் நகலை எனக்குக் காட்டினார். படித்ததும் அரண்டு போனேன்.

வேலையை விட்டு நீக்கப்பட்ட சந்தியாகு என்பவர் ஆத்திரத்தில் இரண்டாம் கம்ப்ரசரைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார், முன்னமே பொய்யாக லாக் எழுதியவர், விபத்து நடந்த நேரத்தில் காரணமில்லாமல் அங்கே இருந்தார் என்று டைப் அடித்திருக்கிறது. ஆதாரம் என்ற இடத்தில் நான் எடுத்த போன் படம். அடியில் சாட்சியாக என் பெயர், மெயின்டெனன்ஸ் போர்மேன் ஆறுமுகநயினார்.

உயிரைக் கொடுத்து உள்ளே போனவனை, எதற்கு உள்ளே போனாய் என்று கேட்கிறார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அவனுக்கு ஆள் போயிருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரமு, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

டேக்கை நான் மாற்றி ஒட்டியதற்கு இந்த டைரியைத் தவிர என்னிடம் சாட்சி கிடையாது. அன்று ஒட்டும்போது பக்கத்தில் நின்றது சந்தியாகு ஒருவன்தான், அவன் சொல்லை யார் கேட்பார்கள்? 11ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே எல்லாம் இருக்கிறது, வடை உட்பட. கிழித்துப் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன?

கோயில் முடிந்து வரும் நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அமலி வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் இரண்டு கையிலும் கட்டு. டைரியை அமலியிடம் கொடுத்து, 11ஆம் தேதியைப் படி அம்மா என்றேன். அவள் சத்தமாகப் படித்தாள். 'பெரிய கலெக்டர், எனக்கு லிஸ்ட் சொல்கிறான்' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு கடைசி வரை படித்தாள்.

நான் அழுதேன். ஐம்பத்துமூன்று வயதில் அடுத்தவன் வாசலில் நின்று அழுதேன். வேல்ராஜுக்கு வேலை கிடைக்கட்டும் என்று என் மனசுக்குள் இருந்ததையும் சொன்னேன். அதனால்தான் நான் அந்த மிஷினைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் நீ சொன்னது உண்மையென்று தெரிந்திருக்கும் என்றேன். இதை இந்த டைரியில்கூட நான் இதுவரை எழுதவில்லை.

சந்தியாகு மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அமலியிடம், "அந்தப் பக்கத்தப் போட்டோ எடு" என்றான். எடுத்தாள். பிறகு என்னிடம், "மொதலாளிட்ட நீங்க காட்டுதீயளா, நான் காட்டட்டா?" என்றான்.

நானே காட்டுகிறேன் என்றேன். ஸ்டேஷனுக்குச் சாயங்காலம் போ, அதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன் என்றேன். நம்பினானா என்று தெரியவில்லை.

நவம்பர் 4, திங்கள்

காட்டினேன்.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டு தரம் படித்தார். கத்துவார், அடிப்பார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். அவரோ எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, என் தோளில் கை வைத்தார். "நயினாரே, இத வேற யாரும் பாத்தாவளா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிக்கொண்டு போனார். எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். இப்போது மாற்றினால் கம்பெனிக்குப் பூட்டு, அறுபது குடும்பம் தெருவில் நிற்கும். என் மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்வார், கண் தேறினதும் கிட்டங்கில் உட்கார்ந்த வேலை, கோமதி கல்யாண மண்டபம் அவர் பொறுப்பு. சந்தியாகுவுக்கு என்ன, வக்கீல் வைத்தால் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுவான்.

"மனுசன்னா மறதி இருக்கத்தான் செய்யும். மறந்திரும்" என்றார். சொல்லிக்கொண்டே என் டைரியிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். கசக்கிக் காலடிக் கூடையில் போட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் இவரை நான் தெய்வம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஒரு நொடி, ஒரே நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. கோமதி மணமேடையில் உட்கார்ந்திருப்பதுகூடத் தெரிந்தது.

யாரோ கூப்பிட, அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் குனிந்தேன்.

இப்போது மணி மூன்று. கிட்டங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் சந்தியாகு நிற்பான். இந்த டைரி, பையில் இருக்கும் இரண்டு டேக், லிஸ்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் அக்காவுக்குப் போன் போட்டு, உன் பிள்ளையை அங்கே நிறுத்தியது மட்டுமில்லை, அவன் கண்ணைக் கெடுத்ததும் நான்தான் என்று சொல்ல வேண்டும். அதுதான் ஸ்டேஷனைவிடப் பயமாக இருக்கிறது.

கசங்கிய பக்கத்தை மேசை மேல் நீவி எடுத்தேன். ஒட்டுவதற்குப் பசை இல்லை. டிராயரில் டேக் கம்பெனிப் பையன் விட்டுப்போன டேப் சுருள்தான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முந்தின பக்கத்துத் தேதியையும் பிந்தின பக்கத்துத் தேதியையும் இரண்டு தரம் பார்த்து, அது இருந்த இடத்திலேயே ஒட்டினேன்.